முடி வெட்டப் போனவர்

மே 9

இந்த டைரியை நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்தார்கள். பால்காரர் வராத நாளைக் குறிக்கக்கூட நான் இதைத் திறந்ததில்லை. இன்றைக்குத் திறந்ததற்குக் காரணம், யாரிடமாவது கத்த வேண்டும்போல் இருக்கிறது. கத்துவதற்கு வீட்டில் ஆள் இல்லை. இவர் மில்லுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். மகள் பவா தோழி வீட்டில்.

பவதாரணிக்கு ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. நல்ல மார்க்தான். ஆனால் அவள் கேட்கிற கால்நடை மருத்துவப் படிப்புக்குப் பொதுப் பட்டியலில் இது போதாது. முன்னாள் ராணுவத்தார் பிள்ளைகளுக்குத் தனியாகக் கொஞ்சம் இடம் உண்டு. அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. போரில் செத்தவர் பிள்ளைகள் முதலில், போரில் ஊனமானவர் பிள்ளைகள் அடுத்து, மற்றவர்கள் எல்லாம் வாலில்.

இவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. வடக்கே எல்லையில், பனிக்குள் புதைந்து கிடந்த கண்ணிவெடியில் போனது. அப்போது பவா ஒன்றாம் வகுப்பு. கண்ணிவெடியில் போன கால் போரில் போன கால்தானே என்று யாரும் நினைப்பார்கள். காகிதம் அப்படிச் சொல்லவில்லை. ‘பணிக்கால விபத்து’ என்கிறது. ஏனென்றால் இவர் அன்றைக்கு மலைமேல் முகாமுக்குப் போனது சண்டை போட அல்ல. அங்கிருந்த சிப்பாய்களுக்கு முடி வெட்ட.

இவர் பட்டாளத்தில் முடி வெட்டுகிறவர். பவாவின் பள்ளிக்கூட விண்ணப்பங்களில் நான் ‘ராணுவ வீரர்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். அது பொய் இல்லை. அவருக்கும் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள், சீருடை கொடுத்தார்கள்.

மே 12

மதுரைக்குப் போய் வக்கீலைப் பார்த்தோம். இவர் காலைப் போர்க்காயம் என்று மாற்றி எழுதக் கேட்கிற வழக்கைப் பழைய வக்கீல் ஆறப்போட்டே வைத்திருந்தார். புது வக்கீல் ஷகீலா பானு. சின்ன வயது. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கட்டு முழுவதையும் படித்தார். ஜூலையில் மேல்முறையீட்டு மன்றத்தில் விசாரணைக்கு வருகிறது என்றார்.

“சார், அன்னைக்கு நீங்க எதுக்கு மேல போனீங்க?”

“முடி வெட்டம்மா.”

“முடி வெட்ட மட்டும்தானா? ரோந்து கூடப் போனது, சாமான் கொண்டு போனது, அப்படி எதுவும் இல்லையா?”

இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “முடி வெட்டத்தாம்மா போனேன்.”

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. வரும் வழியில் பஸ் நின்றபோது இவர் இலந்தை வடை வாங்கித் தந்தார். கோபத்தோடே தின்றேன்.

மே 20

வெயில் தாங்கவில்லை. செயற்கைக் கால் பொருந்துகிற இடத்தில் இவருக்குப் புண் வந்துவிட்டது. கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வேப்பெண்ணெய் தடவுகிறார். லீவு போடச் சொன்னால், கேட்டில் உட்காருகிற வேலைதானே என்கிறார். தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

ஜூன் 3

முன்னாள் படைவீரர் சங்க ஆண்டு விழா. சங்கச் செயலாளர் தவசிலிங்கம் நேரில் வந்து கூப்பிட்டிருந்தார். ரிட்டயர்டு சுபேதார், காலாட்படை. மீசையை எண்ணெய் போட்டு முறுக்கியிருப்பார். வழக்குக்குச் சங்கத்தின் ஆதரவு வேண்டும் என்பதால் நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

முன்வரிசை நாற்காலிகளில் ‘போர்முனை வீரர்கள்’ என்று தாள் ஒட்டியிருந்தார்கள். சமையல்காரராக இருந்தவர், டிரைவராக இருந்தவர், ஸ்டோரில் இருந்தவர் எல்லாரும் பந்தல் கம்பத்துப் பக்கம். இவரும் அங்கேதான். இவ்வளவு பேரிலும் கால் இல்லாதவர் இவர் ஒருவர்தான். நான் இதை வாய்விட்டே சொன்னேன். இவர் என் கையை அழுத்தினார்.

அப்புறம்தான் அது நடந்தது. மேடைக்கு வரவேண்டிய பெரியவர் ஒருவர், பதக்கம் வாங்கியவர், வயதானவர், கை நடுக்கத்தில் தானே சவரம் செய்து தாடையை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். தவசிலிங்கம் நேராக எங்களிடம் வந்தார்.

“வேல்ச்சாமி, பெரியவரு மூஞ்சி பாக்க ஒரு மாதிரி இருக்குப்பா. போட்டோ எடுக்கணும். கொஞ்சம் சரி பண்ணி விட்ருப்பா.”

“அண்ணே, இவுகள விழாவுக்குக் கூப்பிட்டீங்களா, சவரத்துக்குக் கூப்பிட்டீங்களா?” என்றேன்.

“என்னத்தா இப்படிப் பேசுற? அவன் டிரேடு அதானே. நாங்க ரைபிள் தூக்குனோம், அவன் கத்தரி தூக்குனான். இதுல என்ன கவுரவக் கொறச்சல்?”

இவர் அதற்குள் எழுந்துவிட்டார். பந்தலுக்குப் பின்னால் பெரியவரை ஸ்டூலில் உட்காரவைத்து, யாரோ வாங்கி வந்த பிளேடில் மெதுவாகச் சவரம் செய்தார். தாடையை இரண்டு விரலால் ஏந்திப் பிடித்துக்கொண்டு, பச்சைப் பிள்ளையைத் தொடுகிற மாதிரி. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். வேடிக்கை பார்த்தவர்கள் முன்னால் எனக்கு உடம்பு கூசியது.

எங்கள் அப்பாவை ஊரில் ‘குடிமகன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டில் சவரம், சாவு வீட்டில் சங்கு, மொட்டை, சுடுகாடு. பிணத்துக்குச் சவரம் செய்துவிட்டு வந்து அப்பா வாசலிலேயே நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்வார். பட்டாளத்து மாப்பிள்ளை என்றதும் நான் சரி என்றதே அதனால்தான். கல்யாணமான புதிதில் இவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: சாவு வீட்டு வேலை மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. சத்தியம் செய்து கொடுத்தார்.

ஜூன் 4

தலைவலி. கடைக்கு லீவு. சங்கத்தில் ஆதரவுக் கடிதம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும்.

ஜூன் 11

வக்கீல் போன் செய்தார். விபத்து பற்றிய விசாரணை அறிக்கையில் இவரோடு வந்தவர் என்று ஒரு பெயர் இருக்கிறதாம். நாயக் பதவியில் இருந்த குரியாக்கோஸ். அவரை ஏன் யாரும் சாட்சி கேட்கவில்லை என்றார். எனக்கு எப்படித் தெரியும்? இவரிடம் கேட்டால், “அவன் கேரளாக்காரன். எங்கிட்டு இருக்கானோ” என்றார்.

பொய். தைப்பொங்கலுக்கு இவர் போனில் ‘குரியா, சுகமா’ என்று பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 12

நம்பரை எடுத்துவிட்டேன். எப்படி எடுத்தேன் என்று எழுதப்போவதில்லை.

ஜூன் 19

இவரிடம் திண்டுக்கல்லில் கடைக்காரம்மா வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுக் குமுளிக்குப் போனேன். தேனி தாண்டியதும் மழை. பஸ் ஸ்டாண்டுக்கே குரியாக்கோஸ் வந்திருந்தார். தாடி நரைத்த மனிதர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில் வீடு. அவர் மனைவி கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்தார்கள். நான் பாதியில் நிறுத்திவிட்டேன், அவர் சொல்ல ஆரம்பித்ததும்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மறந்துவிடுவேன் என்ற பயம் இல்லை. எழுதினாலாவது நெஞ்சுப் பாரம் இறங்கும் என்றுதான்.

அந்த மலை முகாமில் ஜெபராஜ் என்று ஒரு சிப்பாய் இருந்திருக்கிறான். எட்டயபுரம் பக்கத்துப் பையன், கல்யாணம் ஆகாதவன். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த குண்டு வெடித்துச் செத்துப்போனான். முகத்தில் இடது பக்கம் இல்லை. மறுநாள் உடலைக் கீழே இறக்கினால்தான் ஹெலிகாப்டரில் ஏற்ற முடியும். அங்கிருந்த கேப்டன் கீழே இருந்த முகாமுக்குப் பேசியிருக்கிறார். அவனுக்கு அம்மா மட்டும்தான், பெட்டியைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார்கள், வேல்ச்சாமியை அனுப்பு என்று.

“உத்தரவு இல்ல சேச்சி. முடியுமான்னு கேட்டாங்க, அவ்வளவுதான். அவன் ஒடனே கத்தரிப் பெட்டிய எடுத்துட்டான். ஞான்தான் கூட்டிட்டுப் போனேன்.”

“போயி?”

“பங்கருக்குள்ள ஸ்டவ் வெளிச்சத்துல உக்காந்தான். பஞ்சு, நூலு, மெழுகுவர்த்தி உருக்கின மெழுகு. எல்லாம் வெச்சு அந்தக் கன்னத்த உண்டாக்கினான். அப்புறம் சவரம் பண்ணி, தலை சீவி, மீசை ஒதுக்கி விட்டான். முடிச்சப்ப ஜெபராஜ் ஒறங்குற மாதிரி இருந்தான். ஞங்க அத்தனை பேரும் கரைஞ்சு போயிட்டோம்.”

விடிந்ததும் உடலை ஸ்டிரெச்சரில் வைத்து இறக்கியிருக்கிறார்கள். ஆள் குறைவு. இவரும் ஒரு கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். புதுப்பனியில் பாதை மறைந்துபோய், பாதையை விட்டு ஒரு காலடி விலகியதில் வெடித்துவிட்டது.

“அப்ப ஏன் அறிக்கையில முடி வெட்டப் போனாருன்னு இருக்கு?” என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

“அவனே சொன்னது, சேச்சி. ஜெபராஜின்ட சொந்தக்காரப் பையன் ஒருத்தன் எங்க பட்டாளத்துல ஆபீஸ்ல இருந்தான். எழுதுறது எல்லாம் அவன் கண்ணுல படும். அம்மாக்கிட்ட நெஞ்சுல ஒரு குண்டு, ஒடனே போயிட்டான்னு சொல்லியிருந்தது. மொகத்தப் பத்தி யாரும் பேசறதில்லன்னு எல்லாரும் வாக்குக் கொடுத்தோம். விசாரணைக்கு ஆஸ்பத்திரியில வந்து கேட்டப்ப, முடி வெட்டப் போனேன், திரும்பி வரும்போது வழி தப்பிட்டேன்னு சொல்லிட்டான். ஒடலத் தூக்குனேன்னு சொன்னா, முடி வெட்டுறவன் எதுக்கு அங்க போனான்னு தோண்டுவாங்கன்னு பயம். ஞான் அப்போ வேற எடத்துக்கு மாறிப் போயிட்டேன். கேப்டன் அடுத்த வருஷம் வண்டி கவுந்து செத்துட்டார்.”

இவரே சொன்னது. இத்தனை வருஷம் ஆபீஸ் ஆபீஸாக நான் சண்டை போட்டது இவர் வாயிலிருந்து வந்த வார்த்தையோடு.

ஜூன் 20

இவரிடம் சொல்லிவிட்டேன், போனது, கேட்டது எல்லாம். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இவர் அடுப்படி வாசலில் நின்றார்.

“பவா படிப்புக்கும் மேலயா அந்த வாக்கு?” என்றேன்.

“அந்தம்மா இன்னும் இருக்காக காளி.”

“நாமளும் இருக்கோம்.”

“எனக்கு ஒன்னும் ஆகல. காலுதான். அந்தம்மாவுக்கு அந்த மொகம் மட்டுந்தான் மிச்சம். அத நான் எப்படி எடுக்க?”

கரண்டியைப் போட்டுவிட்டு மாடிக்குப் போனேன். அங்கேயும் கொடியில் இவர் கால் உறைதான் காய்ந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே வந்தபோது இவர் சொன்னார், “சாவு வேலை செய்ய மாட்டேன்னு ஒனக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். அதான் ஒங்கிட்டயும் சொல்லல.” இவர் அதற்காகவா மன்னிப்புக் கேட்கவேண்டும்? ஆனால் கேட்டார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஜூன் 27

வக்கீலிடம் சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். போரில் இறந்தவரின் உடலை இறக்குவது போர்ப்பணிதான், அதை நிரூபித்தால் போதும் என்றார். ஆனால் குரியாக்கோஸ் மட்டும் சொன்னால் நண்பருக்காகச் சொல்கிறார் என்று தள்ளிவிடுவார்களாம். காகிதம் எல்லாம் நமக்கு எதிராக இருக்கிறது. வேறு ஆள் வேண்டும்.

“அந்தப் பையனோட அம்மா ஒரு வாக்குமூலம் கொடுத்தாப் போதும் மேடம். பெட்டியத் திறந்தப்ப மொகம் எப்படி இருந்துச்சு, யாரோ வேலை செஞ்சிருந்தாங்களான்னு. அவங்களுக்கு இதுல எந்த லாபமும் இல்ல. அவங்க சொன்னா நம்புவாங்க.”

இவர் எழுந்து வெளியே போய்விட்டார். செருப்புச் சத்தமும் மறுகால் சத்தமும் படியிறங்கிப் போவது கேட்டது.

ஜூலை 6

ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு வந்து இறங்குகிறது. பெட்டி பெட்டியாகச் சேலை. நாள் பூராவும் நின்று கால் வீங்கிவிட்டது. விசாரணைக்குச் சென்னை போக இரண்டு நாள் லீவு கேட்டால் முதலாளி, “ஆடியிலயா அக்கா?” என்கிறார். மன்றத்துக்கு ஆடி தெரியுமா, தள்ளுபடி தெரியுமா?

பவா கேட்டாள், “அம்மா, அந்தச் சான்றிதழ் கெடைச்சிருமா?” கிடைக்கும் என்றேன்.

ஜூலை 9

எட்டயபுரம் போனேன். இவருக்குத் தெரியாது. இவர் போகாதே என்று சொல்லவில்லை, ஏனென்றால் நான் கேட்கவில்லை.

ஊருக்கு வெளியே சின்னக் கிராமம். யாரைக் கேட்டாலும் ஜெபராஜின் தாயார் ஞானசெல்வம் அம்மாவின் வீட்டைக் காட்டினார்கள். ஓட்டு வீடு. சுவரில் ஜெபராஜ் படம், சீருடையோடு, பல் தெரியச் சிரித்தபடி. அந்த அம்மாளுக்கு எழுபது இருக்கும். கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வருகிறேன், என் வீட்டுக்காரரும் பட்டாளத்தில் இருந்தவர் என்றதும் கையைக் கழுவிவிட்டு வந்து என் கன்னத்தைத் தடவினார்கள்.

சோறு போட்டார்கள். சீனி அவரைக்காய்ப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சாப்பிடச் சாப்பிட மகனைப் பற்றிப் பேசினார்கள். சின்ன வயதில் கிணற்றில் குதித்தது, லீவில் வந்தபோது ரேடியோ வாங்கி வந்தது.

“பெட்டியில வந்தப்பயும் அழகாத்தான் வந்தான்மா. நல்லாச் சவரம் பண்ணி, கிருதாவ அவனுக்குப் புடிச்ச மாதிரி எறக்கி விட்டிருந்துது. கோயில் திருவிழாவுக்குக் கெளம்புன மாதிரி. அத நெனச்சுக்கிட்டுத்தான் நான் உசுரோட கெடக்கேன்.”

கேட்க வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. ‘அந்த முகம் எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுப்பீர்களா அம்மா?’ இதைத்தான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது தடவை குழம்பு ஊற்ற வந்தார்கள். போதும் போதும் என்றேன்.

“ஒன் வீட்டுக்காரரு பட்டாளத்துல என்ன வேலைம்மா?”

எப்போதும் ‘சிப்பாயாக இருந்தார்’ என்பேன். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

“முடி வெட்டுறவரும்மா. பேரு வேல்ச்சாமி. காலு ஒன்னு போயிருச்சு.”

“அய்யோ பாவம்” என்றார்கள். பிறகு என் முகத்தையே பார்த்தார்கள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். தெரு முனை வரைக்கும் வந்து, முருங்கைக்காய் ஒரு கட்டுக் கொடுத்தார்கள்.

கேட்காமலே வந்துவிட்டேன். என்மேலேதான் எனக்கு ஆத்திரம். பவாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஜூலை 10

முருங்கைக்காய் யார் கொடுத்தது என்றார் இவர். சந்தையில் வாங்கியது என்றேன்.

ஜூலை 22, சென்னை

விசாரணை முடிந்தது. லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவர் டீ வாங்கப் போயிருக்கிறார்.

குரியாக்கோஸ் வந்திருந்தார். ஸ்டிரெச்சர் தூக்கியதை மட்டும் சொன்னார். இவர் கேட்டுக்கொண்டபடி அதற்கு மேல் போகவில்லை. அரசாங்க வக்கீல், அறிக்கையில் ஸ்டிரெச்சர் என்ற வார்த்தையே இல்லையே என்றார். பிறகு இவரிடம் கேட்டார்.

“உங்க கையில ஆயுதம் இருந்ததா?”

“இல்லைங்கய்யா.”

“என்ன இருந்தது?”

“கத்தரி, கத்தி, சீப்பு. பொட்டியில.”

பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள். திரும்பி முறைத்தேன்.

நடுவில் இருந்த நீதிபதி நல்ல மாதிரி. “முடி வெட்ட மட்டும்தான் போனீங்களா? பயப்படாம சொல்லுங்க” என்று இரண்டு தடவை கேட்டார். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். எழுந்து நின்று கத்தியிருக்கலாம். வெளியே தள்ளியிருப்பார்கள், அவ்வளவுதானே. எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

“முடி வெட்டத்தாங்கய்யா போனேன்” என்றார் இவர்.

வெளியே வந்ததும் ஷகீலா பானு வழக்குக் கட்டைப் பெஞ்சில் போட்டார். “சார், நான் யாருக்காக வாதாடுறேன்?” என்றார். கண் கலங்கியிருந்தது. இவர் அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். எல்லாருக்கும் ஏதாவது வாங்கிக் கொடுத்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 8

தீர்ப்பு வந்துவிட்டது. பணிக்கால விபத்துதான், போர்க்காயம் இல்லை.

ஆகஸ்ட் 13

கலந்தாய்வில் பவாவின் பெயருக்கு முன்னாலேயே இடம் தீர்ந்துவிட்டது. உள்ளூர்க் காலேஜில் விலங்கியல் சேர்த்தோம். மாடு கன்றைத் தொட்டு வைத்தியம் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளை, இனி படத்தில் பார்க்கும்.

அப்பாவிடம் அவள் பேசுவதில்லை. “ரெண்டு தடவ கேட்டாங்களாமே அந்த ஜட்ஜு. கூட ரெண்டு வார்த்தை சொன்னா வாயா வலிச்சிரும்?” என்று என்னிடம் வெடித்தாள். சென்னையில் நடந்ததை அவளிடம் சொன்னது நான்தான். ஏன் அப்படிச் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. இவர் அதைக் கேட்டுக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

ஆகஸ்ட் 17

பவா தட்டை வாங்கிக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிடுகிறாள். இவர் அவளுக்குப் பிடித்த பக்கோடாவை வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். நமுத்துப்போகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மத்தியானம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஞானசெல்வம் அம்மா. கையில் துணிப்பை, வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. ஊரில் முன்னாள் பட்டாளத்தார் ஒருவர் மூலம் சங்கத்தில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவர் பனியனோடு சேரில் உட்கார்ந்திருந்தார். காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அம்மாளைப் பார்த்ததும் எழ முயன்று முடியாமல் சேரைப் பிடித்துக்கொண்டார். இதுவரை நேரில் பார்த்ததில்லை, ஆனால் முகச்சாயலிலேயே யார் என்று தெரிந்துவிட்டது.

“இருங்க தம்பி, இருங்க. ஒங்க வீட்டுல இருந்து அன்னைக்கு வந்துச்சு. எதையோ கேக்க வந்துச்சு, கேக்காமப் போயிருச்சு. அன்னையில இருந்து எனக்கு ஒறக்கம் இல்ல.”

இவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் செம்பைத் தேடினேன்.

அம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. இவர் எதிரில் நின்றார்கள். “எம் மகன் மொகத்துக்குச் சவரம் பண்ணுனது யாருன்னு தெரியுமா தம்பி?”

மன்றத்தில் இரண்டு தடவை கேட்டும் வராதது இங்கே வந்தது.

“நாந்தாம்மா.”

அந்த அம்மாள் இவருடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார்கள். “இடது பக்கந்தானே? பெட்டியத் தொடாதீங்கன்னாங்க. தாயி தொடாம இருப்பாளா? தொட்டேன். சில்லுன்னு, மெழுகு கணக்கா இருந்துச்சு. எம் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு அப்பயே தெரிஞ்சுபோச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. பாத்தவுக எல்லாம் அழகா இருக்கான்னாங்களே, அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். யாரு இவ்வளவு பாடுபட்டாகன்னுதான் தெரியல. கேக்கவும் வழியில்ல.”

இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பவா உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

அம்மாள் சுவரில் சாய்ந்திருந்த காலைப் பார்த்தார்கள். “இது எப்பிடிப்பா போச்சு?”

“அது வேற, அம்மா. வழியில...”

“ஒங்க காலு எப்பப் போச்சு?”

இவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லிவிட்டேன். “ஒங்க மகன எறக்கிட்டு வரையில அம்மா.”

அவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் பதறிப் பிடிக்கப் போனேன். கையை விலக்கிவிட்டு இவரை நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்டார்கள். இனி எதை மறந்தாலும் அதை மறக்கமாட்டேன்.

“அப்ப எம் மவன் கீழ விழுந்துட்டானா தம்பி?”

“இல்லம்மா” என்றார் இவர். “விழல. குரியாக்கோஸ் குனிஞ்சு நெஞ்சால தாங்கிக்கிட்டான். பனிகூட படல.”

அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இவரும் அழுதார். கால் போனதற்கு அழாதவர். பவா வந்து அப்பாவின் சேருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் தொடையில் தலையை வைத்துக்கொண்டாள். இவர் அவள் தலையில் கையை வைத்தபடியே இருந்தார். அடுப்படிக்குப் போய் உலை வைத்தேன். அரிசியைக் களைந்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 25

அம்மாள் இங்கேதான் தங்கினார்கள். காலையில் காபி குடிக்கும்போது வழக்கைப் பற்றிக் கேட்டார்கள். பவாதான் எல்லாம் சொன்னாள், இடம் போனது வரைக்கும்.

“நான் வந்து சொல்லுதேன். எந்தக் கோர்ட்டுன்னாலும் வாரேன். எம் பேரச் சொல்லி நீங்க ஏன் கஷ்டப்படணும்?”

“வேணாம்மா” என்றார் இவர். “அங்க எல்லாத்தையும் கேப்பாங்க. மொகத்தோட படம் கேப்பாங்க. ஊரு பூரா தெரிஞ்சிரும்.”

“தெரியட்டும்.” அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். “எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே நீங்க வாய மூடுனீங்க? எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே.”

இவர் அந்த டம்ளரை எடுத்து மறுபடியும் காபி ஊற்றினார்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். வழியில் தவசிலிங்கம் பைக்கை நிறுத்தி, “அந்தம்மா நம்ம வீர மரணம் ஜெபராஜோட தாயாராச்சே, ஒங்க வீட்டுக்கு எதுக்கு வந்தாக?” என்றார். சொந்தக்காரர்கள் என்றேன்.

ஆகஸ்ட் 29

ஷகீலா பானுவுக்குப் போன் செய்தேன். மேலே முறையிட இன்னும் அவகாசம் இருக்கிறது, ஆனால் ஒருதடவை ‘முடி வெட்டத்தான்’ என்று சொல்லிவிட்டதால் லேசில் நடக்காது, வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். இந்த வருஷத்து இடம் போனது போனதுதான். பவா படித்து முடிக்கும்போதுகூட வழக்கு முடிந்திருக்காதோ என்னவோ. கேட்கக் கேட்கப் பழைய எரிச்சல் எல்லாம் திரும்பி வந்தது. யாரோ கண்ணாடி போட்டுக்கொண்டு, இது போர், இது போர் இல்லை என்று பிரித்து எழுதுவதற்கு இவ்வளவு வருஷம்.

“போட்ருங்க மேடம்” என்றேன். “அந்தம்மா வந்து சொல்றேன்னுட்டாக.”

இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், காலை மாட்டிக்கொண்டு, மில்லுக்குக் கிளம்ப. தடுப்பார் என்று போனைக் கையால் மூடிக்கொண்டு காத்திருந்தேன். வாரை இழுத்துக் கட்டி, எழுந்து நின்று, சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

“அந்தம்மாவ தனியா பஸ்ல வரவைக்காத” என்றார். “வயசானவுக. நாம கார் வச்சுப் போயிக் கூட்டியாந்துருவோம்.”